சிப்பியில் வெட்டிய வரி

கிதாரின் கழுத்தில் புறா பதிக்க வேண்டும் என்றான் ஜோஷ்வா. ஒன்றல்ல, ஏழு. மூன்றாவது கட்டத்தில் சிறகு மடக்கி உட்கார்ந்திருப்பது மேலே போகப் போக விரித்துக்கொண்டே போய், பன்னிரண்டாவதில் முழுதாகப் பறக்க வேண்டும். தலைப்பகுதியில் முள்முடி. அதற்குக் கீழே அவனுடைய ஊழியத்தின் சின்னம். ஒலித்துளையைச் சுற்றித் திராட்சைக் கொடி. சென்னையில் யாரோ ஒரு டிசைனரிடம் வரைந்து வாங்கிய தாளை மேசைமேல் விரித்தவன், அது சுருண்டுகொள்ளாமல் இருக்க அவளுடைய உளியையே எடுத்து ஒரு முனையில் வைத்தான். ரெபேக்காள் உளியை எடுத்து அதன் இடத்தில் திரும்ப வைத்தாள். தாள் சுருண்டது.

வாசிக்கத் தெரிந்தவர்கள் கழுத்தில் எதையும் கேட்பதில்லை. விரல் எங்கே நிற்கிறது என்று தெரிய ஓரமாக நாலைந்து புள்ளி போதும் அவர்களுக்கு. பெங்களூரில் கிதார் செய்யும் பட்டறையில் ஒன்பது வருஷம் வேலை பார்த்தபோது ரெபேக்காள் தெரிந்துகொண்ட விஷயம் இது. பாம்பு கேட்டவன், நட்சத்திரக் கூட்டம் கேட்டவன், மனைவி பெயரைப் பதிக்கச் சொல்லி இரண்டே வருஷத்தில் பெயர்த்தெடுக்கச் சொல்லி வந்தவன். இவர்கள் எவனுடைய கிதாரிலும் கம்பி தேய்ந்து அவள் பார்த்ததில்லை. இதில் அவளுக்கு ஒரு வெட்கமும் இருந்தது. அந்தப் பட்டறையில் கழுத்தில் பதிக்கும் சிப்பியை வெட்டுவதில் அவளை மிஞ்ச ஆளில்லை. எதை அவள் மதிக்கவில்லையோ அந்த வேலையில்தான் கை தேர்ந்திருந்தது.

ஜோஷ்வாவை அவளுக்கு இருபது வயதிலிருந்து தெரியும். அப்போது தென்காசியில் அவர்கள் சபையின் வாலிபர் கூட்டத்துக்குத் தலைவனாக இருந்தான். இப்போது பிரதர் ஜோஷ்வா. யூடியூபில் நாலு லட்சம் பேர், மாதம் இரண்டு கன்வென்ஷன் கூட்டம், சாரல் காலத்திலும் வெள்ளை ஷூ. குற்றாலம் ரோட்டில் இருக்கும் அவளுடைய மாடிப் பட்டறைக்கு அவன் படியேறி வந்தபோது அந்த ஷூவில் ஒரு துளி சேறு இல்லை. காரிலிருந்து யாராவது தூக்கி வந்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டாள். நம்ம ஊர்ப் பொண்ணு கையால செஞ்ச கிதார், ஜனங்களுக்குச் சாட்சியாக இருக்கும் என்றான். ஆர்மோனியப் பெட்டி ரிப்பேருக்கு வருகிறவர்களிடமெல்லாம் தான் என்ன வேலை செய்கிறோம் என்று விளக்கிச் சொல்லியே மூன்று வருஷத்தை ஓட்டியவள் அவள். ஆளைத் தெரிந்தேதான் ஆர்டரை ஒத்துக்கொண்டாள்.

கழுத்துப் பலகை கருங்காலி என்றதும் முகம் சுளித்தான். இப்போது வேறு நம்பிக்கைக்காரர்கள் எல்லாம் கருங்காலி மாலை போட்டுக்கொண்டு திரிகிறார்களே, பார்க்கிறவர்கள் ஏதாவது சொல்லுவார்களோ என்று சந்தேகம். மரம் யாரிடமும் ஞானஸ்நானம் வாங்குவதில்லை என்று வாய்வரை வந்தது. கம்பி உரசினால் தேயாத மரம் என்று மட்டும் சொன்னாள். பிறகு பென்சிலை எடுத்து, அவன் தாளில் இருந்த மூன்றாவது கட்டத்துப் புறாவை அசல் அளவுக்கு வரைந்து காட்டினாள். கட்டை விரல் அகலத்தில் அது அடைகாக்கும் கோழி மாதிரி இருந்தது. ஜோஷ்வா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். கோழியோடு கன்வென்ஷன் மேடையில் நிற்கும் தன்னை அவன் கற்பனை செய்து பார்க்கிறான் என்பது முகத்திலேயே தெரிந்தது.

புறா போயிற்று. கொடி போயிற்று. முள்முடி கொஞ்ச நேரம் தாக்குப்பிடித்துவிட்டுப் போயிற்று. கடைசியில் அவனே சொன்னான்.

"எழுத்துப் போடுவோம் சிஸ்டர். என் பாட்டோட மொத வரி. நாலு வார்த்தை, நாலு கட்டத்துல. எங்க போனாலும் ஜனங்க அதத்தான கேக்குதாங்க."

ஆர்டர் தாளில் அவள் எழுதிக்கொண்டாள். கேட்டதும் தந்தவரே, உம்மோடே இருக்கிறேன்.

அந்த வரி அவனுடையது அல்ல. அது ரெபேக்காளுக்குத் தெரியும், அவளுக்குத் தெரியும் என்பது அவனுக்கும் தெரியும். பதினாலு வருஷத்துக்கு முன்னால் அதே சபையில் எப்சிபா என்று ஒருத்தி இருந்தாள். அவளுடைய இரண்டரை வயது மகளுக்கு மூளைக் காய்ச்சல் வந்தது. பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தது. சபையே உபவாசம் இருந்தது. பிள்ளை பிழைக்கவில்லை. ஒரு மாதம் கழித்து, பெண்கள் ஜெபக் கூட்டத்தில் எப்சிபா எழுந்து, மடித்து வைத்திருந்த தாள் ஒன்றைப் பிரித்துப் பாடினாள். கேட்டும் தராதவரே, உம்மோடே இருக்கிறேன். கிதாரோடு மூலையில் உட்கார்ந்திருந்த ரெபேக்காள் அந்த ராகத்துக்கு அடியில் மெல்லக் கம்பியைத் தொட்டுக்கொண்டு போனாள். மூன்றாவது சரணத்துக்குள் போதகரின் மனைவி வந்து எப்சிபாவின் தோளைப் பிடித்து உட்கார வைத்துவிட்டார். கசப்பின் ஆவி நீங்கும்படி எல்லோரும் ஜெபித்தார்கள். வாசலில் ஸ்பீக்கர் வயரைச் சரிசெய்துகொண்டிருந்த ஜோஷ்வாவும் கண்ணை மூடி ஜெபித்தான்.

இரண்டு வருஷத்தில் அவன் வெளியிட்ட ஆல்பத்தில் அந்தப் பாட்டு இருந்தது. இரண்டு வார்த்தையை மட்டும் மாற்றியிருந்தான். டிரம்ஸ் சேர்த்து வேகப்படுத்தியிருந்தான். கேட்டும் தராதவர் கேட்டதும் தந்தவர் ஆகிவிட்டார். வீடு கேட்டவர்கள், விசா கேட்டவர்கள், பிள்ளைக்கு மெடிக்கல் சீட் கேட்டவர்கள் எல்லோரும் கைதட்டிப் பாடினார்கள். அந்த முதல் பதிவுக்குக் கிதார் வாசித்தவள் ரெபேக்காள்தான். அவளுக்கு இருபத்திரண்டு வயது. ஸ்டுடியோ என்ற ஒன்றை முதன்முதலாகப் பார்க்கிற ஆசை. ஹெட்ஃபோனில் வரி மாறியிருப்பதைக் கேட்டாள். ஒரு நொடி விரல் நின்றது. பிறகு வாசித்தாள்.

தூத்துக்குடியிலிருந்து வரவழைத்த முத்துச்சிப்பி ஒரு ரூபாய் நாணயத்தின் தடிமனில் இருந்தது. எழுத்துகளைத் தாளில் வரைந்து, வெட்டி, சிப்பியின்மேல் ஒட்டினாள். நகை வேலைக்காரர்கள் வைத்திருக்கும் மயிரிழை ரம்பத்தால் கோட்டை ஒட்டியே அறுத்தாள். சிப்பித் தூள் நெஞ்சுக்குள் போனால் ஆகாது என்பதால் முகமூடி. தமிழ் எழுத்து லேசில் மசிவதில்லை. ஒவ்வொரு சுழிக்குள்ளும் ஊசியால் ஒரு துளை போட்டு, ரம்பத்தைக் கழற்றி அதற்குள் நுழைத்து, மறுபடி மாட்டி அறுக்க வேண்டும். டகர மெய்யின் மேலே வரும் புள்ளியைக் கடுகளவு உருட்டி எடுக்க இரண்டு முறை உடைந்தது. நாலு நாளில் எல்லாம் தயார். கருங்காலிப் பலகையின்மேல் அடுக்கிப் பார்த்தாள். ஜன்னல் பக்கம் சாய்த்தபோது எழுத்துகளுக்குள் பச்சையும் ரோஸும் ஓடின. அழகாக இருந்தது. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. இவ்வளவு கேவலமான ஒரு வரிக்கு இவ்வளவு நல்ல கை வேலை.

அடுத்த கட்டம், எழுத்தின் விளிம்பை மரத்தில் கீறி, அந்த அளவுக்கே பள்ளம் தோண்டுவது. கீறல் ஊசியைக் கையில் எடுத்தவள் அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுத்துகளை ஒரு மாத்திரை டப்பாவில் போட்டுக்கொண்டு பாவூர்சத்திரத்துக்குப் பஸ் ஏறினாள்.

எப்சிபாவும் அவள் புருஷனும் காய்கறி மார்க்கெட்டுக்குப் பின்னால் வாழை இலை மொத்தக் கடை வைத்திருந்தார்கள். ஆறு வருஷம் கழித்துப் பார்க்கிறாள். காதோரம் நரைத்திருந்தது. கிழிந்த இலைகளை ஒதுக்கி நல்லதைக் கட்டாக்கிக்கொண்டிருந்த எப்சிபா, அவளை அடையாளம் கண்டும் வேலையை நிறுத்தவில்லை. ரெபேக்காள் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். யார் கிதார், என்ன வரி என்று. கடைசியில் எதற்காக வந்தாள் என்பது அவளுக்கே சரியாகச் சொல்ல வரவில்லை.

எப்சிபா ஒரு இலையைத் துடைத்து முன்னால் போட்டாள். வைக்கச் சொன்னாள். பச்சையின்மேல் வெள்ளை எழுத்துகளை ரெபேக்காள் ஒவ்வொன்றாக அடுக்கினாள். எப்சிபா படித்தாள். பஸ்ஸில், கல்யாண வீட்டில், பக்கத்துத் தேங்காய்க் கடைக்காரனின் போனில் என்று அந்தப் பாட்டைப் பன்னிரண்டு வருஷமாகக் கேட்கிறேன் என்று சொன்னாள். முதலில் ஆத்திரமாக வந்ததாம். பிறகு சீ என்று போய்விட்டதாம். சொல்லிக்கொண்டே இலை வெட்டும் கத்தியின் முனையால் கேட்டதும் என்ற வார்த்தையின் நடுவில் இருந்த 'ட', 'து' இரண்டையும் தள்ளி, இலையின் ஓரத்துக்குக் கொண்டுபோனாள். காலியான இடத்தில் அதே முனையால் இலையிலேயே ஒரு 'டு' கீறினாள். கேட்டும்.

"தந்தாருன்னு நான் எழுதல ரெபேக்கா. அவரு தரல. எம் பிள்ள போச்சு. அத ஒருத்தனும் தந்தாருன்னு மாத்தக் கூடாது."

உங்கள் பெயரையும் கீழே சின்னதாகப் போடட்டுமா அக்கா என்று ரெபேக்காள் கேட்டாள். அவன் கிதாரில் என் பெயர் எதற்கு, வரியைச் சரியாகப் போட்டால் போதும் என்றாள் எப்சிபா. பிறகு இலைக்கட்டை இழுத்து முடிச்சுப் போட்டபடி, அவள் முகத்தைப் பார்க்காமலே கேட்டாள்.

"நீயுந்தான அன்னைக்கு அவன்கூட வாசிச்ச?"

ரெபேக்காள் ஆமாம் என்றாள். எப்சிபா அடுத்த இலைக்கட்டை இழுத்துக்கொண்டாள். திட்டியிருக்கலாம் என்று திரும்பும் பஸ்ஸில் ரெபேக்காளுக்குத் தோன்றியது. திட்டுகிற அளவுக்குக்கூடத் தன்னை அவள் பொருட்படுத்தவில்லை.

புதிதாக வெட்ட வேண்டியிருந்தது ஒரு 'டு', ஒரு 'ரா'. அவற்றை முடித்துவிட்டு நாலு வார்த்தைக்கும் பள்ளம் தோண்டினாள். ஐந்தாவது கட்டத்தில் 'தராதவரே' கொஞ்சம் நெருக்கமாகத்தான் உட்கார்ந்தது. கருங்காலித் தூளைப் பசையில் குழைத்துப் பள்ளத்தில் விட்டு, எழுத்துகளை ஒவ்வொன்றாக அழுத்தினாள். சாரல் ஈரத்தில் பசை இறுக நேரமாகும். இரண்டு நாள் பலகைக்கு மேலே பல்பு எரியவிட்டாள். பிறகு அரம், பிறகு உப்புத்தாள். கறுப்புச் சேறு போலப் பரவிக் கிடந்த பசை தேயத் தேய வெள்ளை எழுத்து மேலே வந்தது. பட்டறைத் தொழிலில் அவள் ஒருவருடைய ஆர்டரையும் கேட்காமல் மாற்றியதில்லை. அதனால் ஜோஷ்வாவுக்கு இரண்டு முறை போன் செய்தாள். பிரதர் ஜெபத்தில் இருக்கிறார் என்று யாரோ இரண்டு முறையும் சொன்னார்கள். கழுத்துப் பலகையை நல்ல வெளிச்சத்தில் போட்டோ எடுத்து, வார்த்தைகளைப் படித்துப் பாருங்கள், சரி என்றால்தான் கட்டங்களுக்கு ஃபிரெட் கம்பி அடிப்பேன் என்று எழுதி வாட்ஸப்பில் அனுப்பினாள். ஒரு நிமிஷத்தில் பதில் வந்தது. கைகூப்பும் பொம்மை மூன்று. ஸ்தோத்திரம், சூப்பர்.

அவள் கம்பி அடித்தாள்.

கன்வென்ஷனுக்கு இரண்டு நாள் முன்னால் கிதாரை வாங்க வந்தான். கூடவே வீடியோ எடுக்கிற குற்றாலிங்கம். அருவிக்கரையில் டூரிஸ்டுகளைப் போட்டோ பிடித்துக்கொண்டிருந்த ஆள், ஒரு வருஷமாக ஜோஷ்வாவிடம் இருக்கிறான். கோயிலுக்குப் போகிறவன். பாட்டுகளெல்லாம் அவனுக்கு மனப்பாடம் கிடையாது. பெட்டியைத் திறக்கிற காட்சியையே மூன்று தடவை எடுத்தார்கள். மூன்றிலும் ஜோஷ்வாவுக்குக் கண் கலங்கியது. கிதாரை மடியில் வைத்து, கழுத்தை விரலால் தடவியபடி காமிராவைப் பார்த்துச் சொன்னான், இதோ, கேட்டதும் தந்தவரே என்று இந்தச் சகோதரி எவ்வளவு அழகாகப் பதித்திருக்கிறார்கள் பாருங்கள் என்று. அப்போதும் கண்ணைத் தாழ்த்திப் பார்க்கவில்லை.

"அண்ணாச்சி, நீங்க ஒண்ணு சொல்லுதீங்க. இதுல வேற ஒண்ணுல்லா எழுதியிருக்கு" என்றான் குற்றாலிங்கம்.

ஜோஷ்வா குனிந்து படித்தான். உதடு மெல்ல அசைந்தது. அவன் அந்த வரியைப் படிப்பதே இப்போதுதான் என்று ரெபேக்காளுக்குத் தோன்றியது. காமிராவை அணைக்கச் சொன்னான். குற்றாலிங்கத்தைக் கீழே போய் டீ குடிக்கச் சொன்னான். பிறகு கேட்டான்.

"எப்சிபா சொன்னாளா?"

பாட்டு யாருடையது என்பதை இத்தனை வருஷத்தில் அவன் ஒப்புக்கொண்டது அந்த ஒரு கேள்வியில்தான். போட்டோ அனுப்பினேன், சூப்பர் என்று போட்டிருந்தீர்கள் என்றாள் ரெபேக்காள். அவன் போனை எடுத்துத் தேடிப் பார்த்தான். மாற்ற முடியுமா என்று கேட்டான். சூடு காட்டி ஒவ்வொரு எழுத்தாகப் பெயர்க்க வேண்டும், ஃபிரெட் கம்பிகளைப் பிடுங்க வேண்டும், ஒரு மாதம் ஆகும் என்றாள். சனிக்கிழமை கன்வென்ஷன். புதிய கிதாரோடு பிரதர் ஜோஷ்வா என்று செங்கோட்டை வரைக்கும் பேனர் கட்டியாயிற்று. அவன் கத்துவான் என்று எதிர்பார்த்தாள். கத்தினால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். ஆனால் அவன் ஸ்டூலில் சாய்ந்து உட்கார்ந்து, மேடையில் பேசாத ஒரு குரலில் பேசினான்.

"அத அப்படியே பாடியிருந்தா யாரு பாடியிருப்பா, நீயே சொல்லு. ஆஸ்பத்திரி வாசல்ல நிக்கிற ஒருத்திகிட்டப் போயி, தரமாட்டாருன்னு பாடுவியா? நான் மாத்தினேன். அதனாலதான் அது உசுரோட இருக்கு. இல்லன்னா அவ நோட்டுலயே செத்திருக்கும்."

அவன் திருடன், பொய்யன், அசட்டு ஷூக்காரன். அவன் சொன்னதில் கால்வாசி உண்மையாக இருந்ததுதான் ரெபேக்காளுக்கு எல்லாவற்றையும்விட எரிச்சலாக இருந்தது. உசுரோட இருக்கிறது அந்தப் பாட்டு இல்லை, வேறு என்னமோ என்று பிறகு ஒருவழியாகச் சொன்னாள். அவன் கேட்டதாகத் தெரியவில்லை. கிதாரைத் தானே பெட்டியில் வைத்து மூடித் தூக்கிக்கொண்டு இறங்கினான்.

சனிக்கிழமை அவள் எப்சிபாவைக் கன்வென்ஷனுக்குக் கூப்பிட்டாள். முகூர்த்த நாள், இலைக்கு ஆள் வருவார்கள் என்று எப்சிபா போனை வைத்துவிட்டாள். ரெபேக்காள் தனியாகப் போனாள். ஐந்தருவிக்குப் போகிற வழியில் தகரப் பந்தல், அது கொள்ளாமல் வெளியிலும் ஆட்கள் குடை பிடித்தும் பிளாஸ்டிக் ஷீட் போர்த்தியும் உட்கார்ந்திருந்தார்கள். மேடைக்கு இரண்டு பக்கமும் பெரிய எல்.இ.டி. திரை. தான் செய்த கிதார் அவ்வளவு பெரிய கூட்டத்தில் எப்படிக் கேட்கிறது என்று தெரிந்துகொள்ளத்தான் வந்தேன் என்று தனக்குள் சொல்லிக்கொண்டு பின்வரிசையில் ஒரு நாற்காலி பிடித்தாள்.

ஜோஷ்வா கிதாரோடு வந்ததும் கூட்டம் எழுந்தது. முதல் கம்பியைத் தட்டியதுமே ரெபேக்காளுக்குப் பல் கூசியது. ஐந்தாவது கட்டத்தின்மேல் கேப்போவை மாட்டியிருந்தான். சுருதியை ஏற்றுவதற்காக எல்லாக் கம்பிகளையும் ஒரே பிடியாக அழுத்துகிற கறுப்புக் கவ்வி அது. ஃபிரெட் கம்பியை ஒட்டி மாட்ட வேண்டியதை, வார்த்தையை மறைப்பதற்காகக் கட்டத்தின் நடுவில் மாட்டியிருந்தான். கம்பிகள் நரநரவென்று இரைந்தன. எட்டு மாதம் காயவைத்து, தட்டித் தட்டி இழைத்த மேல்பலகை அந்த இரைச்சலை விசுவாசமாக மைதானம் முழுக்கக் கொண்டுபோனது. அவனுக்குத் தெரிந்தது மூன்றே மூன்று விரல் பிடிப்பு. அதைக் கேப்போவுக்கு மேலே அப்படியே பிடித்ததில் பாட்டின் சுருதி எங்கேயோ உயரத்துக்குப் போய்விட்டது. முதல் வரியிலேயே அவன் குரல் கீச்சிட்டது. கூட்டம் எட்டிப் பிடிக்கப் பார்த்தது. ஆண்கள் பாதியில் விட்டுவிட்டார்கள். பெண்கள் கழுத்து நரம்பு புடைக்கப் பாடினார்கள். ரெபேக்காளுக்குச் சிரிப்பு வந்தது. உரக்கச் சிரித்துவிடக் கூடாதே என்று துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பக்கத்து நாற்காலியில் முப்பது வயதுப் பெண் ஒருத்தி இருந்தாள். வீரகேரளம்புதூரிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்ததாகக் கொஞ்சம் முன்னால் சொல்லியிருந்தாள். மடியில் அவள் மகள். மடிக்கு அடங்காத எட்டு ஒன்பது வயதுப் பிள்ளை. கால்கள் துணிபோலத் தொங்கின. கழுத்து நிற்காததால் தலையைத் தன் வலது கையில் தாங்கியிருந்தாள். வருஷா வருஷம் வருவோம், எப்படியும் ஒரு நாள் எழுந்து நடப்பாள் என்று அந்தப் பெண் சொன்னபோது ரெபேக்காள் தலையாட்டியிருந்தாள்.

சிப்பி விளக்கில் மின்னுவதைப் பார்த்த குற்றாலிங்கம் காமிராவைக் கிதாரின் கழுத்துக்குக் கொண்டுபோனான். இரண்டு திரையிலும் எழுத்துகள் ஆள் உயரத்துக்கு எழுந்தன. கேட்டும். அதற்கடுத்து ஒரு கறுப்புப் பட்டை. உம்மோடே. இருக்கிறேன். அந்தப் பெண் பாடுவதை நிறுத்தினாள். உதட்டை அசைத்து எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

"அக்கா, கேட்டும்னுல்லா போட்டிருக்கு. அந்தக் கறுப்புக்குக் கீழ என்ன எழுதியிருக்கு?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஆஸ்பத்திரி வாசல்ல நிக்கிற ஒருத்தி என்று ஜோஷ்வா சொன்னவள் இதோ பக்கத்து நாற்காலியில் இருக்கிறாள். ரெபேக்காள் வாயைப் பொத்தியிருந்த துப்பட்டாவை எடுத்தாள். இவளிடமும் மறைத்தால், ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு வாசித்த அந்த இருபத்திரண்டு வயதுக்காரிக்கும் தனக்கும் என்ன வித்தியாசம் என்று நினைத்தாள். சொன்னால், தனக்கு நிம்மதி. இவளுக்கு என்ன?

"தராதவரே" என்றாள் ரெபேக்காள். "கேட்டும் தராதவரே. பிள்ளயப் பறிகொடுத்த ஒரு அம்மா எழுதுனது."

அந்தப் பெண் திரும்பிப் பார்க்கவில்லை. திரையில் காமிரா ஜோஷ்வாவின் முகத்துக்குப் போய்விட்டது. கறுப்புப் பட்டை இருந்த இடத்தையே அவள் இன்னமும் பார்த்துக்கொண்டிருந்தாள். சுற்றிலும் எல்லோரும் எழுந்து கைகளை உயர்த்தி, எட்டாத சுருதிக்கு எம்பிக்கொண்டிருந்தார்கள். அவள் எழவில்லை. மகளின் கடைவாயில் வழிந்த எச்சிலைச் சேலை முந்தானையால் துடைத்தாள். தலையைத் தூக்கித் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். பிறகு மறுபடியும் பாட ஆரம்பித்தாள். கூட்டத்தோடு அல்ல. அதற்கு வெகு கீழே, மெதுவாக, பிள்ளையின் காதுக்குள். அவள் உதடு அசைவது ரெபேக்காளுக்குத் தெரிந்தது. கம்பிகளின் நரநரப்பில் எந்த வார்த்தையைப் பாடுகிறாள் என்பது மட்டும் கேட்கவில்லை.